உணவுக் கட்டுப்பாடும் இதய நலமும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த காயல் தீவுகளுள் ஒன்று வல்லார்பாடம். எர்ணாகுளம் மாவட்டம் முளவுகாடு ஊராட்சியைச் சேர்ந்த இத்தீவின் மக்கள், 2004ஆம் ஆண்டு வரை எர்ணாகுளம் சென்று வரப் படகையே நம்பியிருந்தனர். அவ்வாண்டில் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்கள் எர்ணாகுளத்தைப் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பீன் ஆகிய தீவுகளுடன் இணைத்தன. 2011 பிப்ரவரியில் இங்கே பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கி வைக்கப்பட்டது. இடப்பள்ளியிலிருந்து முனையத்துக்கு வரும் இருப்புப்பாதை, வேம்பநாட்டுக் காயலின் மேல் நாலரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாலத்தைக் கடந்து வருகிறது.

பாலம் வந்தபின் நெஞ்சுவலி கண்டவரை நள்ளிரவிலும் நகர மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க முடிகிறது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதியைப் பறிப்பதால் இது சிறிய நன்மையன்று. ஆனால் அதே பாலத்தின் வழியே பரோட்டாவும், பேக்கரிப் பண்டமும், புட்டியில் அடைத்த இனிப்புப் பானமும் வருகின்றன. துடுப்புப் போடும் வேலையும் படகுத்துறைக்கு நடக்கும் நடையும் குறைகின்றன. நோய்க்கு மருந்தும் நோய்க்கு வித்தும் ஒரே சாலையில் வந்து சேரும் இந்நிலை வல்லார்பாடத்துக்கு மட்டும் உரியதன்று. கேரளம் முழுவதிலும், தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலும் கடந்த 30 ஆண்டுகளின் வரலாறு ஏறக்குறைய இதுவே.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21) தரும் விவரங்களின்படி, கேரளத்தில் பெண்களில் 38.1 விழுக்காட்டினரும் ஆண்களில் 36.4 விழுக்காட்டினரும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில் இவ்வெண்கள் முறையே 32.4, 28.5 ஆக இருந்தன. தமிழ்நாட்டின் நிலை இதனினும் சற்று மோசமானது: பெண்கள் 40.4, ஆண்கள் 37 விழுக்காடு. இதய நோயைப் பொறுத்தவரை, கேரளத்தில் 5,167 வயது வந்தோரைப் பரிசோதித்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உறுதியான இதயத் தமனி நோய் 3.5 விழுக்காட்டினருக்கும், ஐயத்துக்கு இடமான நிலையையும் சேர்த்தால் 12.5 விழுக்காட்டினருக்கும் இருப்பதாகக் கண்டது. 52 நாடுகளில் நடத்தப்பட்ட ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் வெளியானது. முதல் மாரடைப்பு தெற்காசியரைச் சராசரியாக 53 வயதிலும், மற்ற நாட்டினரைச் சுமார் 59 வயதிலும் தாக்குவதாக அது தெரிவித்தது. குடும்பத்தில் சம்பாதிப்பவர், மகளின் திருமணமும் மகனின் படிப்பும் முடியாத வயதில் விழுகிறார் என்பதே இந்த ஆறு ஆண்டு வேறுபாட்டின் பொருள்.

எனவே மருத்துவர் எவரும் பருமனானவரிடம் முதலில் கூறுவது, ‘எடையைக் குறையுங்கள்’ என்பதாகும். இவ்வறிவுரை எவ்வளவு பலன் தரும், எவ்வளவு காலத்தில் தரும், எதைத் தராது என்ற கேள்விகளுக்கு விடை காண்பது, நோயாளிக்கு மட்டுமின்றி, பொதுப் பணத்தை எதில் செலவிடுவது என்று முடிவு செய்யும் அலுவலருக்கும் தேவை.

எது பருமன்?

உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தின் (மீட்டரில்) இருமடிப் பெருக்கத்தால் வகுத்துக் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். உலக அளவில் 25க்கு மேல் மிகை எடை, 30க்கு மேல் பருமன் என்பது வழக்கம். இந்தியருக்கு இவ்வெல்லைகள் பொருந்தா. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி, 23க்கு மேல் மிகை எடை என்றும் 25க்கு மேல் பருமன் என்றும் வரையறுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்பட்டன.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் ‘லான்செட்’ இதழில், தம்மையும் தம் ஆங்கில நண்பர் ஒருவரையும் ஒப்பிட்டு எழுதினார். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3 மட்டுமே. ஆனால் நண்பரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியர், உள்ளே கொழுத்தவராக இருக்கக்கூடும். ஆதலால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் பொறி மட்டும் போதாது. சில ரூபாய் விலையுள்ள அளவு நாடா அதனினும் பயனுடையது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடளாவிய ஆய்வில், பொதுவான பருமன் 28.6 விழுக்காட்டினரிடமும், வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. எடை பார்த்தால் தப்பிவிடுவோர் பலர் நாடாவில் அகப்படுகின்றனர் என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

கொழுப்பு இதயத்தை எவ்வாறு தாக்குகிறது?

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. வயிற்றறையினுள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு, கொழுப்பமிலங்களைத் தொடர்ந்து வெளிவிடுகிறது. அவை நேரே கல்லீரலை அடைந்து, அங்கே டிரைகிளிசரைடாக மாறி இரத்தத்தில் மிகுகின்றன. நன்மை தரும் எச்.டி.எல். கொலஸ்டிரால் குறைகிறது, தீமை தரும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, தமனிச் சுவரில் எளிதாக நுழையும் வடிவம் பெறுகின்றன. தசைகளும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுப்பதால் சர்க்கரை ஏறுகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் வேதிப்பொருள்கள் இரத்தக் குழாய்களில் மெல்லிய அழற்சியை நீடிக்கச் செய்கின்றன.

மற்றொரு வழி முற்றிலும் இயந்திர முறையிலானது. உடல் பெருக்கப் பெருக்க, அதற்கு இரத்தம் அனுப்ப வேண்டிய இதயத்தின் சுமையும் பெருகுகிறது. இரத்தத்தின் மொத்தக் கன அளவு கூடுகிறது. சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இச்சுமையைத் தாங்கும் இடது கீழறையின் சுவர் தடித்து, விரியும் தன்மையை இழக்கிறது. இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்துகொண்டால், உறக்கத்திலும் இதயத்துக்கு ஓய்வில்லை.

எடை குறையும்போது நிகழ்வன

இம்மாற்றங்களில் பல மீளக் கூடியவை என்பதே நம்பிக்கை தரும் செய்தி. அவை ஒரே வேகத்தில் மீள்வதில்லை. உண்ணும் ஆற்றலைக் குறைத்த சில நாட்களிலேயே, எடைப் பொறியில் பெரிய மாற்றம் தெரியும் முன்னரே, கல்லீரல் கொழுப்பும் இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் இறங்கத் தொடங்குகின்றன. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அழுத்தம் சுமார் 1 மி.மீ. குறைவதாகத் தெரிகிறது. 80 கிலோ எடையுள்ளவர் எட்டுக் கிலோ குறைந்தால், ஓர் இரத்த அழுத்த மாத்திரை தரும் பலனுக்கு அது நெருங்கி வரும்.

எல்.டி.எல். கொலஸ்டிரால் அவ்வளவு இணங்குவதில்லை. அது எடையைக் காட்டிலும், உண்ணும் கொழுப்பின் வகையையே பெரிதும் சார்ந்திருக்கிறது. எச்.டி.எல். இன்னும் விசித்திரமானது: எடை இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் சற்றுக் குறைந்து, எடை ஒரு நிலையில் நின்றபின் மேலேறும். இடைக்காலத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. கீழறைச் சுவரின் தடிப்புக் குறைய மாதங்கள் பல ஆகும்.

இதயம் ஏற்கெனவே நோயுற்றோரிடமும் பலன் காணப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ராஜீவ் பதக், பிரசாந்தன் சாண்டர்ஸ் முதலியோர், இதய மேலறைத் துடிப்புச் சீர்கேடும் மிகை எடையும் உடைய 355 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்கள், மற்றவர்களைவிட ஆறு மடங்கு வாய்ப்புடன் துடிப்புச் சீர்கேடின்றி இருந்தனர். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இதயச் செயலிழப்பின் ஒரு வகையால் அவதியுற்ற பருமனான முதியோர் 100 பேருக்கு 20 வாரங்கள் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் தரப்பட்டன. தனித்தனியே இரண்டுமே உடலுழைப்புத் திறனை உயர்த்தின; சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது.

மாரடைப்பும் மரணமும் குறைகின்றனவா?

இரத்தப் பரிசோதனை அட்டையில் எண்கள் சீர்படுவது வேறு, மாரடைப்பு வராதிருப்பது வேறு. இரண்டாவதை மெய்ப்பிப்பது கடினம். அதற்கென அமெரிக்காவின் 16 மையங்களில் 2001இல் தொடங்கிய ‘லுக் அஹெட்’ ஆய்வில், மிகை எடையும் நீரிழிவும் உடைய 5,145 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினர் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,800 கலோரிக்குள் உண்டு, வாரம் 175 நிமிடம் உடற்பயிற்சி செய்யப் பயிற்றுவிக்கப்பட்டனர். மறு பாதியினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் கிடைத்தது. முதல் ஆண்டில் பயிற்சிக் குழுவினர் சராசரியாக 8.6 விழுக்காடு எடை குறைத்தனர். ஆனால் பின்னர் எடை ஓரளவு திரும்பியது. இறுதியில் இரு குழுவினருக்கும் இடையே இருந்த வேறுபாடு 6 விழுக்காட்டுக்கும் 3.5 விழுக்காட்டுக்கும் உள்ள அளவே. சுமார் பத்தாண்டுகளுக்குப் பின், 2012இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு காணப்படாததே காரணம்.

இம்முடிவு பலரை ஏமாற்றமடையச் செய்தது. ‘உணவுக் கட்டுப்பாடு வீண்’ என்று எழுதியவர்களும் உண்டு. ஆயினும் அது அவசர முடிவாகும். வழக்கமான அறிவுரை பெற்ற குழுவினர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை அதிகம் உட்கொண்டதால், மருந்து அவர்களையும் காத்தது. பயிற்சிக் குழுவினருக்கு மருந்துத் தேவை குறைந்தது, உறக்க மூச்சுத்தடை தணிந்தது, சிறுநீரகச் சேதம் குறைந்தது, நடமாட்டம் எளிதாயிற்று. முதல் ஆண்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைத்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, இதய நிகழ்வுகள் 21 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2016இல் தெரிவிக்கப்பட்டது. பின்னர் பிரித்துப் பார்த்துச் சொல்லும் இத்தகைய கணக்குக்கு முழு மதிப்பெண் தர இயலாது. அதிக எடை குறைத்தவர்கள் தொடக்கத்திலேயே ஊக்கமும் உடல்நலமும் மிக்கவர்களாக இருந்திருக்கலாம்.

பருமனானவர்களுக்கு எடைக் குறைப்பு உணவு தந்து நடத்திய 54 ஆய்வுகளை, 30,206 பேரின் விவரங்களுடன் தொகுத்த கட்டுரை ஒன்று 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. எக்காரணத்தாலும் நிகழும் மரணம் 18 விழுக்காடு குறைந்ததென அது கணித்தது. இதய நோய் மரணத்தைத் தனியே பார்த்தபோது, எண்ணிக்கை மிகக் குறைவாதலால் உறுதியாக எதுவும் கூற முடியவில்லை. அதாவது நன்மையின் அடையாளங்கள் உண்டு. இறுதித் தீர்ப்பு எழுதப்படவில்லை.

காலம் என்ற காரணியை மறக்கலாகாது. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 577 பேரிடம் ஆறாண்டுக் காலம் உணவு, உடற்பயிற்சி மாற்றங்கள் மேற்கொள்ளப்பட்டன. திட்டம் முடிந்து நெடுங்காலம் கழித்து, முப்பதாண்டுக் கணக்கு 2019இல் வெளியானபோது, இதய, இரத்தக் குழாய் நோய் நிகழ்வுகள் 26 விழுக்காடும், அந்நோய்களால் நேரும் மரணம் 33 விழுக்காடும் குறைந்திருந்தன. பத்தாண்டில் தெரியாதது முப்பதாண்டில் தெரிந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்குள் பலனைக் காட்ட வேண்டிய நிர்வாகத்துக்கு இது சங்கடமான செய்தியே.

சென்னையும் நெய்யாற்றின்கரையும்

டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இங்கே சிறப்பாகக் கருதத் தக்கது. நீரிழிவின் வாயிலில் இருந்த 531 பேரில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டில் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவும் நடையும் சீர்செய்யப்பட்டவர்களில் அது 39.3 விழுக்காடாகவே இருந்தது. வியப்புக்குரியது என்னவெனில், இவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைப் பொறி அசையாத போதும் உடலின் உள்ளே நன்மை நிகழ்கிறது. ‘மூன்று மாதமாகக் குறைத்து உண்கிறேன், ஒரு கிலோ கூடக் குறையவில்லை’ என்று கைவிட நினைப்பவர்க்கு மருத்துவர் எடுத்துக்காட்டத் தக்க சான்று இது.

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்து, 1,007 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2018இல் வெளியாயின. மருத்துவமனையைச் சாராமல், அக்கம்பக்கத்தாரிலிருந்தே பயிற்சி பெற்ற தலைவர்கள் குழுக் கூட்டங்களை நடத்தினர் என்பது இதன் தனிச்சிறப்பு. இரண்டாண்டு முடிவில் பயிற்சிப் பகுதியில் 14.9 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டுப் பகுதியில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு தோன்றியது. புள்ளியியல் முறைப்படி இவ்வேறுபாடு உறுதியானதன்று. ஆனால் காய்கனி உண்ணல் கூடியது. மது அருந்துதல் குறைந்தது. மாலை நேரக் கூட்டத்தில் அண்டை வீட்டார் சொல்லும் சொல்லுக்கு இருக்கும் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டிய முயற்சி இது.

தேங்காய் எண்ணெய் வழக்கு

கொச்சியில் இதய நலம் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவில் தேங்காய் எண்ணெயில் வந்து நிற்கும். ஒரு சாரார் அதை நஞ்சென்பர். மறு சாரார் அமுதமென்பர். வல்லார்பாடம் இருப்புப்பாதை தொடங்கும் அதே இடப்பள்ளிப் பகுதியில் உள்ள அமிர்தா மருத்துவக் கழகத்தில், இதயத் தமனி நோயுடைய 200 பேருக்கு இரண்டாண்டுக் காலம் ஒரு பிரிவினருக்குத் தேங்காய் எண்ணெயும், மற்றவர்க்குச் சூரியகாந்தி எண்ணெயும் தந்து ஆராய்ந்தனர். 2016இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரின் இரத்தக் கொழுப்பு அளவுகளில் வேறுபாடில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் முறையான இதய மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட, தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். கொலஸ்டிராலைச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவதாகக் கூறியது. அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் இது எதிர்பார்க்கத் தக்கதே. மீன் குழம்பில் இடும் ஒரு கரண்டியும், பொரித்தெடுக்க ஊற்றும் ஒரு வாணலியும் ஒன்றல்ல என்பதை வழக்காடுவோர் இருவரும் மறந்துவிடுகின்றனர்.

எடை குறையாமலே இரத்தக் கொழுப்பைக் குறைக்க முடியும் என்பதற்கு, தமிழர் பலர் வாழும் மொரீசியஸ் நாடு சான்று. 1987இல் அந்நாட்டு அரசு, பங்கீட்டு முறையில் வழங்கிய சமையல் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்த நிலையிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. ஐந்தாண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் 213 மில்லிகிராமிலிருந்து 182க்கு இறங்கியது. அதே ஐந்தாண்டில் பருமனானோர் தொகை கூடிற்று! எடையும் இதயமும் பெரும்பாலும் சேர்ந்தே நடப்பினும், எப்போதும் கைகோத்து நடப்பதில்லை.

கொச்சி வீட்டின் கணக்கு

இனி அடுக்களைக்கு வரலாம். நால்வர் கொண்ட குடும்பம் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் வாங்கினால், ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 23 கிராம், அதாவது 200 கலோரிக்குச் சற்று மேல் வரும். இரண்டு லிட்டராகக் குறைத்தால் ஒருவருக்கு மிச்சமாவது 70 கலோரி அளவே. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் அது 160 கலோரி. ஆனால் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவர் அதை 250 ஆகக் குறைத்தால் 500 கலோரிக்கு மேல் குறைகிறது. மெலிய விரும்பும் பெரும்பாலோர் எண்ணெயைப் பழித்துக்கொண்டே மூன்றாம் முறை சோறு போட்டுக்கொள்கின்றனர். இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2025இல் தெரிவித்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளோ, தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கின்றன.

குறைத்த சோற்றின் இடத்தில் எதை வைப்பது என்பதே ஏழைக் குடும்பத்தின் கேள்வி. காயற்கரையினருக்கு இதற்கு வழியுண்டு. மத்தி மீன் புரதமும் இதயத்துக்கு உகந்த ஒமேகா கொழுப்பும் தருகிறது. குடம்புளியிட்டுக் குழம்பு வைத்தால் நலம், பொரித்தால் பாதி நலம் எண்ணெயில் போகும். கஞ்சியும் பயறும், புட்டும் கடலையும், முருங்கைக் கீரைத் தோரனும் பழைய உணவுகளே. அவற்றில் சோற்றின் பங்கைச் சற்றுக் குறைத்து, பயற்றின் பங்கைக் கூட்டினால் போதும். மைதா பரோட்டாவும் பேக்கரிப் பஃப்ஸும் கொழுப்பையும் மாவையும் ஒருசேரத் தந்து, நார்ச்சத்தை ஏறக்குறைய ஒன்றுமே தராதவை. ஊறுகாய், உப்பிட்ட கருவாடு, அப்பளம் ஆகியவற்றைக் குறைத்தால், எடை குறையாவிடினும் இரத்த அழுத்தம் குறையும்.

நாளுக்கு 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ குறையலாம். அவ்வேகம் நீடிக்காது. எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது, பசி கூடுகிறது. ஆறு மாதத்தில் எடை நின்றுவிடுவது மனவுறுதிக் குறைவால் அன்று, உடலின் தற்காப்பால். பிரிட்டனில் 2017இல் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் நீருணவால் எடை குறைத்த நீரிழிவு நோயாளிகளில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மருந்தின்றி நோய் தணிந்த நிலை எய்தினர். அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது.

விரைவின் ஆபத்து

கண்காணிப்பு ஏன் தேவை என்பதை 1970களின் அமெரிக்க அனுபவம் கற்பித்தது. தரம் குறைந்த புரதத்தைக் கரைத்துக் குடித்து, வேறெதுவும் உண்ணாமல் விரைவாக மெலியும் முறை அங்கே 1976-77இல் பெருவழக்காயிற்று. இதய நோயில்லாத இளம் பெண்கள் பலர் இதயத் துடிப்புச் சீர்குலைந்து மாண்டனர். பட்டினியில் உடல் கொழுப்பை மட்டும் உண்பதில்லை, தசையையும் உண்கிறது, இதயமும் தசையே.

கூபா நாட்டில் 1990களின் பொருளாதார நெருக்கடியில், உணவும் எரிபொருளும் அரிதாகி, மக்கள் சராசரியாக 5 கிலோ அளவுக்கு எடை இழந்தனர். பின்வந்த ஆண்டுகளில் இதய நோய், நீரிழிவு மரணங்கள் வேகமாகச் சரிந்தன. எடை திரும்பியபோது அச்சரிவு தளர்ந்தது. இதை ஆய்வாளர் ஆர்வத்துடன் எடுத்துக்காட்டுவர். ஆனால் அதே நெருக்கடியில் ஆயிரக்கணக்கானோர் சத்துக் குறைவால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்சுலின், இரத்த அழுத்த மருந்து, சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை ஆகியவற்றை உட்கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் உணவை வெகுவாகக் குறைத்தால் சர்க்கரையும் அழுத்தமும் அபாயமாகத் தாழக்கூடும். இதயச் செயலிழப்புடையவர் முயற்சியின்றித் தாமாகவே மெலிந்தால், அது மகிழத் தக்கதன்று. நோய் முற்றியதன் அறிகுறியாகலாம்.

மருந்தும் அரசும்

2023இல் வெளியான ‘செலக்ட்’ ஆய்வு, இதய நோயும் மிகை எடையும் உடைய 17,604 பேரில், செமாகுளூட்டைட் ஊசி மருந்து இதய நிகழ்வுகளை 20 விழுக்காடு குறைப்பதாக நிறுவியது. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இவ்வளவு தெளிவாக மெய்ப்பிக்க முடியாததை மருந்து மெய்ப்பித்துள்ளது. இவ்வகை எடைக் குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. எனவே ஆண்டுக்கணக்கில் செலவிட வேண்டியிருக்கும். மீன்பிடித் தொழிலாளியின் வீட்டுக்கு இன்றைக்கு இது வழியாகாது.

அரசின் கையில் உள்ளவை வேறு வகையானவை. கேரள அரசு 2016 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில், வணிகப் பெயர் பெற்ற உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றின் மீது 14.5 விழுக்காடு ‘கொழுப்பு வரி’ விதித்தது. தெருமுனைக் கடையின் பரோட்டா அதில் அகப்படவில்லை. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்ததும் அவ்வரி மறைந்தது. பலன் தந்ததா என்று அளக்கும் அளவுக்குக்கூட அது வாழவில்லை. இதைவிட அமைதியாக, ஆனால் ஆழமாகச் செயல்பட்டது வேறொரு விதி: உணவு எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் 2 விழுக்காட்டுக்குள் அடக்கிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டளை. உண்பவர் எவரும் தம் பழக்கத்தை மாற்றாமலே பேக்கரிப் பண்டத்தின் தீமையில் ஒரு பகுதி நீங்கியது.

கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, 30 வயதைக் கடந்தோரின் நோய் அபாயத்தை ‘சைலி’ என்னும் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கின்றனர். பட்டியலில் பெயர் சேர்வதோடு வேலை முடிவதில்லை. லுக் அஹெட் ஆய்வில் எடை திரும்பியது கூட்டங்கள் அடிக்கடி நடந்த முதல் ஆண்டில் அன்று, அவை குறைந்த பிந்தைய ஆண்டுகளில். ஆகவே ஒருவரை ஒருமுறை எடைபோட்டு அனுப்புவதற்குச் செலவாகும் நேரத்தைக் காட்டிலும், அவரைப் பன்னிரண்டாம் மாதத்திலும் இருபத்து நான்காம் மாதத்திலும் மீண்டும் அழைத்து இடுப்பை அளப்பதற்கான நேரத்துக்கே குடும்ப ஆரோக்கிய மையங்களின் பணிப்பட்டியலில் முதலில் இடம் ஒதுக்க வேண்டும். குடும்பஸ்ரீ அயற்கூட்டங்கள் கூடும் ஊர்களில் அதற்குத் தனியாக மண்டபமும் தேட வேண்டியதில்லை.